எண்ணெய்ப் பாட்டிலில் எழுதிய தேதி

எடையைக் குறைக்க வேண்டும் என்று எனக்குத் தானாகத் தோன்றவில்லை. ஒரே மாதத்தில் இரண்டு காகிதங்கள் கைக்கு வந்தன. ஒன்று ஸ்கேன் ரிப்போர்ட். கல்லீரலில் கொழுப்பு படிந்திருக்கிறது என்றது. இன்னொன்று வேலை பார்க்கும் இடத்திலிருந்து வந்த கடிதம். சம்பளத்தில் கால் பங்கைக் குறைக்கிறோம் என்றது. அப்போது என் எடை 88.4 கிலோ, உயரம் 168 சென்டிமீட்டர். உடல் நிறை குறியீடு 31ஐத் தாண்டியிருந்தது. 30ஐத் தொட்டாலே உடல் பருமன் என்றுதான் கணக்கு.

டாக்டர் அதிகம் பேசவில்லை. "ஏழிலிருந்து பத்து சதவீதம் எடை குறைஞ்சாலே கல்லீரல்ல நல்ல வித்தியாசம் தெரியும். எண்ணெய், கொழுப்பைக் குறைங்க" என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். பத்து சதவீதம் என்றால் எனக்கு ஒன்பது கிலோவுக்குச் சற்றுக் குறைவு. கேட்க எளிதாகத்தான் இருந்தது.

நான் தனியாக இருப்பவன். சமையல், கடை, பாத்திரம் எல்லாம் நானே. அதனால் யார் மீதும் பழி போட முடியாது. கீழே எழுதியிருக்கும் தவறுகள் அனைத்தும் என் சொந்தத் தயாரிப்பு.

முதல் தவறை அன்று மாலையே செய்தேன். நேராகக் கடைக்குப் போய், 'கொழுப்பு குறைவு' என்று எழுதியிருந்த எல்லாவற்றையும் கூடையில் போட்டேன். கொழுப்பு குறைந்த பிஸ்கட், பழச்சுவை சேர்த்த கொழுப்பில்லாத தயிர், சாலடில் ஊற்றும் சாஸ், தானிய பார்கள். பில் பார்த்தபோதே கையைக் கடித்தது. உடம்புக்குத்தானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். மாதச் சாப்பாட்டுக்கென்று எடுத்து வைத்த பணத்தில் பாதி, பத்தே நாளில் போய்விட்டது.

எடை போனதா என்றால், இல்லை. ஒரு ராத்திரி பசி தாங்காமல் அந்த பிஸ்கட் பாக்கெட்டை முடித்துவிட்டு, சும்மா இருக்க முடியாமல் பின்பக்கத்து அட்டவணையைப் படித்தேன். பிறகு எழுந்து போய், நான் வழக்கமாக வாங்கும் சாதாரண பிஸ்கட்டின் உறையைத் தேடி எடுத்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கொழுப்பு உண்மையிலேயே பாதிக்கும் கீழேதான் இருந்தது. ஆனால் சர்க்கரை ஏறியிருந்தது, மாவுச்சத்தும் ஏறியிருந்தது. 100 கிராமுக்குக் கணக்குப் போட்டால் வித்தியாசம் ஐம்பது, அறுபது கலோரிதான். அதற்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு விலை கொடுத்திருக்கிறேன். 'குறைவு' என்ற நிம்மதியில் இரண்டு பிஸ்கட் கூடவே தின்றும் இருக்கிறேன்.

இந்த வார்த்தை விளையாட்டைக் கொஞ்சம் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. உணவுப் பொருட்களுக்கான சர்வதேச நெறிமுறையான கோடெக்ஸின்படி, திடப்பொருள் என்றால் 100 கிராமில் 3 கிராமுக்கு மேல் கொழுப்பு இல்லாவிட்டால்தான் 'கொழுப்பு குறைவு' என்று போடலாம். திரவம் என்றால் 100 மில்லிக்கு 1.5 கிராம். 'கொழுப்பு இல்லை' என்று போட அரை கிராம்தான் எல்லை. ஆனால் 'குறைக்கப்பட்டது' என்பது வேறு ரகம். அதே பொருளின் வழக்கமான வகையோடு ஒப்பிட்டால் குறைவு என்று மட்டுமே அதற்குப் பொருள். மயோனைஸ் மாதிரி எழுபது, எண்பது சதவீதம் கொழுப்பு உள்ள ஒன்றில் பாதியைக் குறைத்தாலும் மீதி எவ்வளவு இருக்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். அன்றிலிருந்து உறையின் முன்பக்கத்தைப் படிப்பதை விட்டுவிட்டேன். பின்பக்கத்தில் 100 கிராமுக்கு என்று போட்டிருக்கும் பத்தியை மட்டும் பார்க்கிறேன். 'ஒரு பரிமாறலுக்கு' என்று போடும் பத்தி என்னைப் போன்றவர்களுக்கு உதவாது. அவர்கள் சொல்லும் பரிமாறல் இரண்டு பிஸ்கட். நான் பரிமாறிக்கொள்வது ஒரு பாக்கெட்.

பணமும் போய், எடையும் போகாமல் நின்றதும் கோபம் வந்தது. கோபத்தில் இரண்டாவது தவறைச் செய்தேன். எதுவும் வாங்க வேண்டாம், எண்ணெயே வேண்டாம் என்று முடிவெடுத்தேன். எல்லாவற்றையும் வேகவைத்துத் தின்றேன். வெந்த காய், வெந்த அரிசி, முட்டையில் வெள்ளைக்கரு மட்டும். மஞ்சள் கருவைச் சாக்கடையில் ஊற்றினேன். காசு கொடுத்து வாங்கியதைக் கொட்டும்போது கை கூசியது, ஆனாலும் கொட்டினேன்.

முதல் வாரத்தில் 2.3 கிலோ இறங்கியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அதில் பெரும்பகுதி தண்ணீர் என்று பிறகுதான் தெரிந்தது. உடல் சேமித்து வைத்திருக்கும் கிளைகோஜன் என்ற மாவுச்சத்தின் ஒவ்வொரு கிராமோடும் ஏறத்தாழ மூன்று கிராம் தண்ணீர் ஒட்டிக்கொண்டிருக்கும். திடீரென்று சாப்பாட்டைக் குறைத்தால் முதலில் கரைவது அதுதான். நான் கொழுப்பு கரைகிறது என்று கொண்டாடிக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது வாரம் எப்படி இருந்தது என்றால், சாப்பிட்டு முடித்த அரை மணியில் மறுபடியும் பசித்தது. வயிறு நிறைந்திருக்கும், ஆனால் சாப்பிட்ட மாதிரியே இருக்காது. தோல் வறண்டு எரிச்சல். யாராவது நல்லது சொன்னால்கூட எரிந்து விழுந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை இரவு, வேலை முடிந்து வரும் வழியில், பெரிய பொட்டலம் உருளைக்கிழங்கு வறுவல் வாங்கி வீட்டு வாசல் வருவதற்குள் முடித்துவிட்டேன். விரலை நக்கியதுகூட நினைவிருக்கிறது.

அடுத்த முறை பார்த்தபோது டாக்டர் திட்டினார். ஏ, டி, ஈ, கே ஆகிய நான்கு வைட்டமின்களும் கொழுப்பில் கரைபவை. சாப்பாட்டில் கொஞ்சமாவது கொழுப்பு இருந்தால்தான் அவை ஒழுங்காக உடம்பில் சேரும். லினோலெயிக், ஆல்ஃபா லினோலெனிக் என்ற இரண்டு கொழுப்பு அமிலங்களை நம் உடல் தானாகத் தயாரிக்காது, சாப்பாட்டிலிருந்துதான் வர வேண்டும். அப்புறம் அவர் சொன்ன ஒன்றுதான் என்னைப் பயமுறுத்தியது. பித்தப்பை, சாப்பிட்ட கொழுப்பைச் செரிக்கத்தான் சுருங்கிப் பித்தத்தை வெளியேற்றும். கொழுப்பே வராவிட்டால் அது சுருங்காமல் கிடக்கும், பித்தம் தேங்கும். அதோடு எடையும் வேகமாகக் குறைந்தால் பித்தக்கல் உருவாக வாய்ப்பு கூடும். "குறைங்கன்னுதானே சொன்னேன், நிறுத்தச் சொல்லலையே" என்றார். நியாயம்தான். உலக சுகாதார நிறுவனமே, மொத்தக் கலோரியில் கொழுப்பின் பங்கு 30 சதவீதத்துக்குள் இருக்கட்டும் என்றுதான் சொல்கிறது. பூஜ்யமாக இருக்கட்டும் என்று எங்கும் சொல்லவில்லை.

இந்த இடத்தில்தான் அக்கா வந்தாள். ஊரிலிருந்து ஒரு வாரம் தங்க வந்தவள், முதல் நாள் காலையில் நான் எண்ணெயை எடுப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். எண்ணெயை விட்டு மூன்று வாரம் ஆகியிருந்ததால், அவள் வந்த சாக்கில் மறுபடியும் பழைய கையோடு முட்டை பொரிக்க ஆரம்பித்திருந்தேன். பாட்டிலைச் சாய்த்து, சட்டியில் ஒரு சுற்றுச் சுற்றி ஊற்றினேன்.

"எவ்வளவு ஊத்தினே?" என்றாள்.

"ஒரு ஸ்பூன் இருக்கும்."

அவள் பேசாமல் இன்னொரு கிண்ணத்தை நீட்டினாள். "அதே மாதிரி இதுல ஊத்துடா."

ஊற்றினேன். அவள் டீஸ்பூனை எடுத்து அளந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்தாவது ஸ்பூன் கிட்டத்தட்ட நிறைந்தது. நான் எதுவும் பேசவில்லை. அவள் பேனாவை எடுத்து, புதிதாகத் திறந்த ஒரு லிட்டர் பாட்டிலின் மேல் ஒரு தாளை ஒட்டி அன்றைய தேதியை எழுதினாள். "இது என்னிக்குத் தீருதுன்னு பாரு. அப்புறம் பேசலாம்."

அவள் கிளம்பிப் போன பிறகும் நான் வழக்கம்போலவே ஊற்றினேன், சோதித்துப் பார்க்கத்தானே என்று. பாட்டில் பதினைந்தாம் நாள் காலியானது.

கணக்கு போட்டேன். ஒரு லிட்டர் எண்ணெய் சுமார் 920 கிராம். கொழுப்பு ஒரு கிராமுக்கு 9 கலோரி. மாவுச்சத்தும் புரதமும் ஒரு கிராமுக்கு 4தான். 920ஐப் பதினைந்தால் வகுத்தால் நாளுக்கு 61 கிராம், அதாவது கிட்டத்தட்ட 550 கலோரி. சட்டியில் ஒட்டியது, கழுவியது எல்லாம் போக ஐந்நூறு என்றே வைத்துக்கொண்டாலும், ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஈடானதை நான் தினமும் கண்ணுக்குத் தெரியாமல் குடித்துக்கொண்டிருந்தேன். வயிற்றுக்கு அது தெரியவே தெரியாது. பசியையும் அது தனியாக ஆற்றவில்லை. பணமும் அந்தப் பாட்டில் வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஓட்டைப் பானையில் தண்ணீர் நிரப்பிக்கொண்டே, தண்ணீர் போதவில்லை என்று கடையில் பாட்டில் தண்ணீர் வாங்கியவன் கதைதான் என் கதை.

பிறகு வைத்துக்கொண்ட அளவு: நாளுக்கு மூன்று டீஸ்பூன். மட்டம் தட்டிய ஸ்பூன். அது சுமார் 13 கிராம், 120 கலோரி. இந்தக் கணக்கில் ஒரு லிட்டர் இரண்டு மாதத்துக்கு மேல் வர வேண்டும். மீதிக் கொழுப்பு முட்டை, பால், மீன், பருப்பு என்று தானாகவே வந்துவிடும், அதற்குத் தனியாக எதையும் ஊற்ற வேண்டியதில்லை. காலையில் ஒரு சின்னக் கிண்ணத்தில் அன்றைக்கான மூன்று ஸ்பூனை ஊற்றி வைத்துவிட்டு, பாட்டிலை மேல்தட்டில் ஏற்றிவிடுவேன். கிண்ணத்தில் இருப்பதை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். தீர்ந்தால் தீர்ந்ததுதான். ஸ்பூனால் ஒவ்வொரு முறையும் அளப்பதை என்னால் நான்கு நாளுக்கு மேல் செய்ய முடியவில்லை. இந்தக் கிண்ணம் மட்டும் நிலைத்தது.

சமைப்பதைத்தான் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் எண்ணெய் குறைத்தவர்களில் பெரும்பாலோர் கைவிடுவது இங்கேதான். சாப்பாடு சப்பென்று ஆகிவிடுகிறது. இரண்டு வாரம் பொறுப்பார்கள், அப்புறம் பழையபடி.

வெங்காயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அடி கனமான சட்டியைச் சூடாக்கி, ஒரு டீஸ்பூன் எண்ணெய் விட்டு, வெங்காயத்தோடு ஒரு சிட்டிகை உப்பையும் போட்டு மூடி வைப்பேன். உப்பு வெங்காயத்தின் நீரை இழுத்துவிடும், அந்த நீரிலேயே அது துவண்டுவிடும். பிறகு மூடியை எடுத்துவிட வேண்டும். ஈரம் இருக்கும் வரை வெங்காயத்தின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. அதனால் வெங்காயம் வேகும், சிவக்காது. ஈரம் வற்றியதும் 'சர்ர்' என்ற சத்தம் மாறி மெல்லிய பொரியும் சத்தமாக ஆகும். அடியில் பழுப்பாக ஒரு படலம் பிடிக்கும். பதற வேண்டாம், கருகுவதற்கு முன் இரண்டு ஸ்பூன் தண்ணீரைத் தெளித்து மரக்கரண்டியால் சுரண்டினால் அந்தப் பழுப்பு அத்தனையும் வெங்காயத்தில் ஏறிவிடும். மறுபடி வற்ற விட்டு, மறுபடி தெளித்து, மூன்று நான்கு முறை. பதினைந்து நிமிடத்தில், அரைக் கரண்டி எண்ணெயில் வதக்கியதுபோல நிறமும் வாசனையும் வந்துவிடும். முதல் இரண்டு முறை கருக்கித்தான் கற்றேன்.

இன்னொன்று, இருக்கும் எண்ணெயை எப்போது ஊற்றுகிறோம் என்பது. ஆரம்பத்திலேயே கொதிக்கும் குழம்பில் கரைந்துபோன எண்ணெயை நாக்கு கண்டுகொள்வதில்லை. அதே ஒரு ஸ்பூனில் பூண்டை வாசனை வரும்வரை சூடாக்கி, இறக்கும்போது மேலே ஊற்றினால் முதல் வாயிலேயே தெரிகிறது. மசாலாப் பொருட்களை எண்ணெய் இல்லாமல் வெறும் சட்டியில் வறுத்துப் பொடித்தேன். புளிப்பைக் கூட்டினேன். எண்ணெய் குறையும்போது புளிப்பும் காரமும் கொஞ்சம் தூக்கலாக இருந்தால் சப்பென்று தோன்றாது. உப்பைக் கூட்டாதீர்கள். கை தானாக உப்பு டப்பாவுக்குத்தான் போகும், அது வேறு வம்பு.

சரி, செலவு. கொழுப்பு குறைந்த சாப்பாடு என்றால் பணக்காரச் சாப்பாடு என்ற எண்ணம் எப்படியோ நமக்குள் ஊறிப்போயிருக்கிறது. தோல் நீக்கிய நெஞ்சுக்கறி, வெளிநாட்டுப் பழம், பாதாம் பால் என்று. உண்மையில் மளிகையில் விலை குறைந்த பொருட்களில் பெரும்பாலானவற்றில் கொழுப்பே இல்லை எனலாம். அரிசி, உருளைக்கிழங்கு, காய்ந்த பயறு வகைகள், பருப்பு, முட்டைக்கோஸ், கேரட். என் மாதச் செலவு ஏறவில்லை, இறங்கியது. எண்ணெயில் மிச்சம், தீனியில் மிச்சம், வெளிச்சாப்பாட்டில் மிச்சம்.

இதில் பெரிய துணை காய்ந்த பயறுதான். டப்பாவில் வரும் வெந்த பயறைவிட மிக மலிவு. வேகவைத்த பயறு 100 கிராமில் எட்டு ஒன்பது கிராம் புரதம், கொழுப்பு ஒரு கிராமுக்கும் கீழே, நார்ச்சத்து ஏராளம். சனிக்கிழமை இரவு ஊற வைத்து, ஞாயிறு காலையில் ஒரே தடவையில் ஒரு வாரத்துக்கு வேகவைத்து, ஆறியதும் ஒரு வேளைக்கு ஒரு டப்பா என்று பிரித்து உறைபெட்டியில் போட்டுவிடுவேன். எரிவாயுவும் மிச்சம். ஒரு எச்சரிக்கை: சிவப்புக் கிட்னி பீன்ஸை ஊற வைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் நன்றாகக் கொதிக்கக் கொதிக்க வேகவிட வேண்டும். மெதுவான சூட்டில் அரைகுறையாக வெந்தால் அதிலிருக்கும் லெக்டின் என்ற பொருள் போகாது, வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். திடீரென்று நிறையச் சாப்பிட்டாலும் வயிறு உப்பும். நான் ஒரே நாளில் இரண்டு கிண்ணம் சாப்பிட்டுவிட்டு ஒரு மீட்டிங்கில் உட்கார்ந்திருந்த கதையை இங்கே எழுத முடியாது. அரைக் கிண்ணத்தில் ஆரம்பியுங்கள்.

உருளைக்கிழங்கைப் பற்றியும் ஒரு வார்த்தை, அதன் மேல் வீண்பழி அதிகம். 1995இல் சிட்னி பல்கலைக்கழகத்தில் 38 உணவுகளை எடுத்து, ஒரே அளவு கலோரிக்கு எது அதிகமாகப் பசி தாங்குகிறது என்று பார்த்தார்கள். வெள்ளை ரொட்டிக்கு 100 என்று வைத்துக்கொண்டால் வேகவைத்த உருளைக்கிழங்குக்கு 323. பட்டியலிலேயே அதுதான் முதலிடம். வெண்ணெய் ஊறிய குரோசான் என்ற ரொட்டிக்கு 47, கடைசி இடம். அன்று நான் தெருவில் தின்ற வறுவலும் உருளைக்கிழங்குதான். எண்ணெயில் மூழ்கி எழுந்ததும் அதன் குணமே மாறிவிடுகிறது. இப்போது பசி அதிகமான நாட்களில் இரண்டு கிழங்கைத் தோலோடு வேகவைத்து, தயிர், மிளகு, உப்பு போட்டுச் சாப்பிடுகிறேன். அதன்பின் மூன்று மணி நேரத்துக்கு அடுக்களைப் பக்கம் கால் போகாது.

கறி விஷயத்தில், வெட்டித் தோலுரித்துப் பொட்டலம் கட்டியதை வாங்குவதை நிறுத்தினேன். முழுக்கோழிதான் வாங்குகிறேன். தோலை நானே உரிக்கிறேன். ஒரு காகிதத் துண்டால் பிடித்து இழுத்தால் வழுக்காமல் வந்துவிடும். கறியை எடுத்தபின் எலும்பைக் கொதிக்கவைத்துச் சாறு எடுத்து, இரவு முழுக்கக் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பேன். காலையில் திறந்தால் மேலே வெளிர் மஞ்சளாக ஒரு தகடு உறைந்து கிடக்கும். ஸ்பூனின் ஓரத்தால் நெம்பினால் உடைந்த பனிக்கட்டி மாதிரி கழன்று வரும். முதல் தடவை அதை எடை போட்டுப் பார்த்தேன், 48 கிராம். கீழே இருப்பது ஜெல்லி போல நடுங்கும் சாறு, கொழுப்பு கிட்டத்தட்ட இல்லை. பயறையோ காயையோ அதில் வேகவைத்தால் எண்ணெயே கேட்காத ருசி.

முட்டையின் மஞ்சள் கருவைக் கொட்டுவதையும் நிறுத்திவிட்டேன். ஒரு பெரிய முட்டையில் மொத்தமே 5 கிராம் கொழுப்புதான். ஒரு டீஸ்பூன் எண்ணெய்க்குச் சற்று அதிகம், அவ்வளவே. மஞ்சள் கருவில் வைட்டமின் உண்டு, முட்டையின் புரதத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கும் உண்டு. கொட்ட வேண்டியது பொரிக்கும் எண்ணெயைத்தான். பால் ஆடை நீக்கியது. சில வாரங்களில் ஆடை நீக்கிய பால் பவுடர் அதைவிட மலிவாகக் கிடைக்கும், தயிருக்கு அதுவே போதும். மத்தி போன்ற சின்ன மீன் வாரம் ஒரு முறை. கொழுப்புள்ள மீன்தான், ஆனால் அந்தக் கொழுப்பு வேண்டிய கொழுப்பு. நிலக்கடலை விஷயத்தில் மட்டும் நான் ஏமாந்தேன். நல்லது, நல்லது என்று எல்லாரும் சொல்வதால் டப்பாவை மேஜைமேல் வைத்துக்கொண்டு கொறித்தேன். அதில் ஏறத்தாழ பாதி எடை கொழுப்பு, 100 கிராமுக்கு 570 கலோரி அளவில். நல்லதுதான். 20 கிராம் நல்லது. இப்போது கைப்பிடி அளவு எடுத்துக்கொண்டு டப்பாவை மூடிய பிறகுதான் உட்காருகிறேன்.

இரண்டாம் மாதம் முடியும்போது 83.1 கிலோ. பெல்ட்டில் ஒரு துளை உள்ளே போயிருந்தது. அப்புறம் ஐந்து வாரம், ஒரு கிராம்கூட அசையவில்லை. மூன்றாம் மாத ரத்தப் பரிசோதனையில் கெட்ட கொழுப்பு எனப்படும் எல்டிஎல் குறைந்திருந்தது. டிரைகிளிசரைடு மட்டும் ஏறியிருந்தது. எண்ணெயை இவ்வளவு குறைத்தும் ரத்தத்தில் கொழுப்பு ஏறுமா என்று எனக்கு ஆத்திரம். டாக்டர் கேட்ட ஒரே கேள்வி: "டீ எத்தனை?"

ஐந்து. ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. அதோடு, எண்ணெய் குறைத்த தைரியத்தில் வெள்ளை ரொட்டியும் வெள்ளை அரிசியும் தட்டில் மெல்ல மெல்ல ஏறியிருந்தன. ரொட்டியின் மேல் ஜாம். ஜாமில்தான் கொழுப்பே இல்லையே! கொழுப்பை எடுத்த இடத்தில் சர்க்கரையையும் வெள்ளை மாவையும் வைத்து நிரப்பினால் கல்லீரல் அதையே கொழுப்பாக மாற்றி ரத்தத்தில் விடும் என்று அவர் விளக்கினார். முதல் மாதம் பிஸ்கட் கம்பெனி எனக்குச் செய்ததை, மூன்றாம் மாதம் நானே எனக்குச் செய்துகொண்டிருந்தேன். சர்க்கரையை டீக்கு அரை ஸ்பூனாக்கி, டீயை இரண்டாக்கினேன். தட்டில் அரிசியைக் கையால் அள்ளாமல் ஒரு கோப்பையால் அளந்தேன், அந்த இடத்தில் பயறு வந்தது. இரண்டு வாரத்தில் முள் நகர்ந்தது.

கொழுப்பைக் குறைத்தால்தான் எடை குறையும் என்று நான் சொல்ல வரவில்லை. மாவுச்சத்தைக் குறைத்து இளைத்த நண்பர்கள் எனக்கு உண்டு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 609 பேரை இரண்டு அணியாகப் பிரித்து, ஒரு வருடம் ஓர் அணிக்குக் கொழுப்பையும் மற்ற அணிக்கு மாவுச்சத்தையும் குறைக்கச் சொன்னார்கள். 2018இல் வெளிவந்த முடிவில் கொழுப்பைக் குறைத்தவர்கள் சராசரியாக 5.3 கிலோவும், மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் 6 கிலோவும் இறங்கியிருந்தார்கள். சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. இரண்டு அணிக்குள்ளும் நிறையக் குறைந்தவர்களும் இருந்தார்கள், எடை ஏறியவர்களும் இருந்தார்கள். என் வீட்டு ஓட்டை எண்ணெய்ப் பாட்டிலில் இருந்தது, அதனால் எனக்கு இந்த வழி. கறியையும் மீனையும் காய்கறியையும் மட்டுமே நம்பி வயிற்றை நிரப்ப என் சம்பளம் இடம் கொடுக்காது என்பதும் ஒரு காரணம். அரிசியையும் கிழங்கையும் பயறையும் விட்டுவிட்டால் மாதம் இருபதாம் தேதிக்கு மேல் நான் காற்றைத்தான் சாப்பிட வேண்டும்.

வெளியே சாப்பிடுவது பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. வாரம் ஒரு வேளை, பிடித்ததை, கணக்குப் பார்க்காமல் சாப்பிடுகிறேன். விருந்துக்குப் போனால் பரிமாறுகிறவரிடம் டயட் என்று சொல்வதில்லை. சொன்னால் அன்றைய பேச்சு முழுக்க என் வயிற்றைப் பற்றித்தான் இருக்கும். முதலில் காயையும் பருப்பையும் போட்டுக்கொண்டு மெதுவாகச் சாப்பிடுவேன், தட்டு காலியாகத் தெரியாதவரை யாரும் கவனிப்பதில்லை.

எடையைத் தினமும் பார்க்கும் பழக்கம் எனக்கு ஒத்துவரவில்லை. தண்ணீர், உப்பு, மலச்சிக்கல் என்று எதையாவது சாக்கிட்டு ஒரே நாளில் ஒரு கிலோ ஏறி இறங்கும். ஏறிய நாளில் மனம் உடைந்து தின்றேன், இறங்கிய நாளில் சந்தோஷத்தில் தின்றேன். இப்போது வெள்ளிக்கிழமை காலை மட்டும். மற்ற நாட்களில் தராசு கட்டிலுக்கு அடியில் கிடக்கும்.

ஏழாம் மாதம் 79.2 கிலோ. டாக்டர் கேட்ட பத்து சதவீதம் தாண்டியாகிவிட்டது. மறு ஸ்கேனில் கல்லீரல் கொழுப்பு ஒரு படி குறைந்திருந்தது. டிரைகிளிசரைடும் எல்லைக்குள் வந்தது. எட்டாம் மாதம் காய்ச்சலில் படுத்து, எழுந்து சமைக்கத் தெம்பில்லாமல் மூன்று வாரம் கடைச் சாப்பாட்டில் ஓட்டி, இரண்டு கிலோ ஏறிவிட்டேன். அதில் ஒன்றரை இறங்கிவிட்டது, அரை இன்னும் பிடிவாதமாக உட்கார்ந்திருக்கிறது. இருக்கட்டும்.

ஒன்று சொல்லாமல் விடக்கூடாது. என்னைப் பார்த்துவிட்டுக் கூட வேலை பார்ப்பவர் ஒருவர், தன் ஒன்றரை வயதுக் குழந்தைக்கும் ஆடை நீக்கிய பால் கொடுக்க ஆரம்பித்தார். நல்லவேளை, பேச்சுவாக்கில் சொன்னார், நிறுத்தச் சொன்னேன். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு மூளை வளரவே கொழுப்பு வேண்டும், அவர்களை இதில் இழுக்கக் கூடாது. கர்ப்பிணிகள், சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்கள், ஏற்கெனவே பித்தக்கல் இருப்பவர்கள் எல்லாம் டாக்டரைக் கேட்காமல் என் கிண்ணக் கணக்கை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இப்போது மேல்தட்டில் இருக்கும் பாட்டிலில் 9ஆம் தேதி என்று எழுதியிருக்கிறது. இன்று 30. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன், மூன்றில் இரண்டு பங்குக்கு மேலேயே இருக்கிறது. அடுத்த வாரம் அக்கா வருகிறாள். அவளுக்குப் பொரித்த மீன்தான் வேண்டுமாம், போனிலேயே சொல்லிவிட்டாள். "என் கணக்கை உன் பாட்டில்ல சேர்க்காதே, நான் வரும்போது தனியா ஒண்ணு வாங்கிட்டு வந்திடறேன்" என்றாள். தேதி எழுதத் தாள் வெட்டி வைத்திருக்கிறேன்.